தராசின் முகம் எந்தப் பக்கம்?

(கினிகத்தேனையில் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமார், இளைஞர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அடைமழையிலும் இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். துணி துவைக்கவும் விறகு பார்க்கவும் கிடைக்கிற ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை என்பது எங்களுக்கும் தெரியும். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

சில காலமாக ஒரு பேச்சு நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. "தோட்டத்துச் சனங்களுக்குப் புதுசு எதுவும் ஒத்துவராது. டிஜிட்டல் தராசு கொண்டுவந்தாலும் குறை, வரவு பதிய விரல் மெசின் வைத்தாலும் குறை. படிப்பில்லை, அதனால் பயம்." ஒபிசில் இதைச் சொல்கிறார்கள். டவுனில் சொல்கிறார்கள். கொழும்பில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வருகிற நம் வீட்டுப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். கடைசியில் ஆசிரியர்களான எங்களைப் பார்த்து, "நீங்கள்தான் எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்" என்று முடிக்கிறார்கள்.

புரியவைப்பது இருக்கட்டும். நம் சனங்கள் உண்மையிலேயே புதிய கருவிகளுக்குப் பயந்தவர்களா என்று முதலில் பார்ப்போம்.

இரவு எட்டு மணிக்கு எந்த லயத்துக்கும் போய்ப் பாருங்கள். மகள் குவைத்தில் இருப்பாள், பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மாயி இங்கே இருப்பார். ஈமோவில் மகளோடு பேசிக்கொண்டிருப்பார். பெயரை வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து அமத்துவார். எழுதத் தெரியாது, குரலைப் பதிந்து அனுப்புவார். காம்பராவுக்குள் சிக்னல் இல்லாவிட்டால் கோயில் படிக்கட்டில் எத்தனையாவது படியில் நின்றால் கிடைக்கும் என்பது வரைக்கும் தெரியும். இதற்காக எந்த அமைச்சு வந்து அம்மாயிக்கு வகுப்பு நடத்தியது? யாரும் இல்லை. மகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே வகுப்பாக இருந்தது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசை. ஹட்டன் வீதியில் ஓட்டோக்கள் இரவு பகலாக நின்ற காலம். அந்த யூலை மாதம் அரசாங்கம் எரிபொருள் அட்டை என்று கியூஆர் முறையைக் கொண்டுவந்தது. வாகன இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போனில் பதிந்தால் கட்டம் கட்டமாக ஒரு படம் வரும். அதைக் காட்டினால் ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர். ஆரம்பத்தில் எவ்வளவு குழப்பம்! ஆனாலும் சில வாரங்களுக்குள் நம் ஓட்டோத் தம்பிமார் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். போன் இல்லாதவர்கள் அந்தப் படத்தைக் கடதாசியில் அச்சடித்து, பொலித்தீன் போட்டு, கண்ணாடியில் ஒட்டினார்கள். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்படும் வரை அப்படித்தான் ஓடியது. லேசான முறை என்பதால் அவர்கள் பழகவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேண்டியிருந்தது, காட்டினால் கையில் பெற்றோல் வந்தது.

இதைப் படித்தவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். பிரெட் டேவிஸ் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1989இல் ஒரு கட்டுரை எழுதினார். புதிய கணினி முறையொன்றைச் சிலர் ஏற்றுக்கொள்கிறார்கள், சிலர் தொடுவதே இல்லை. ஏன் என்பது அவருடைய கேள்வி. கனடாவில் ஐபிஎம் கம்பனியில் வேலை செய்த 112 பேரிடமும், பொஸ்டனில் படித்த 40 மாணவர்களிடமும் கேட்டுப் பார்த்தார். எல்லோர் மனதிலும் இரண்டு கேள்விதான் ஓடுகிறது என்று கண்டார். இதனால் எனக்கு என்ன பிரயோசனம்? இதைப் பாவிப்பது எவ்வளவு கஷ்டம்? இந்த இரண்டில் முதல் கேள்விக்குத்தான் பலம் அதிகம் என்றும் சொன்னார். பிரயோசனம் இருந்தால் மனிதர்கள் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். பிரயோசனம் இல்லையென்றால் எவ்வளவு இலேசாக இருந்தும் தொடமாட்டார்கள். நம் அம்மாயியும் ஓட்டோத் தம்பியும் அதைத்தானே செய்தார்கள்?

பிறகு 2003இல் வெங்கடேஷ் என்பவரும் டேவிஸும் இன்னும் இருவரும் சேர்ந்து மேலும் இரண்டு விஷயத்தை அதோடு சேர்த்தார்கள். சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது ஒன்று. மெசின் பழுதானால், தடுமாறினால், உதவிக்கு ஆளும் வசதியும் இருக்கிறதா என்பது மற்றது. வயது, ஆணா பெண்ணா, முன்பழக்கம், விரும்பிப் பாவிக்கிறாரா கட்டாயத்திலா என்பவற்றைப் பொறுத்து இவை கூடிக் குறையும் என்றார்கள்.

நல்ல ஆய்வுகள்தான். ஆனால் டேவிஸ் கேட்ட அந்த 112 பேரும் கணினிக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தவர்கள். திரை அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. விசையை அமத்தியது அவர்களுடைய விரல். கொழுந்து மடுவத்தில் நிலைமை அப்படியா? அங்கே தராசைப் பாவிப்பவர் வேறு, தராசில் நிற்பது நம்முடைய உழைப்பு. ஈமோவை அமத்துவது அம்மாயியின் விரல். டிஜிட்டல் தராசை அமத்துவது வேறொருவர் விரல். அப்படி இருக்கும்போது "பிரயோசனமா, கஷ்டமா" என்ற இரண்டு கேள்வியோடு நாம் நிற்க முடியாது. இலக்கம் யாருக்குத் தெரிகிறது, பிழை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. நம் சனங்கள் அதைத்தான் கேட்கிறார்கள். அதைப் பயம் என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

தராசுக் கதைக்கு வருவோம். நமக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் இங்கே இருக்கிற இளைஞர்களில் மலைக்குப் போகாதவர்கள் பலர், அவர்களுக்காகச் சொல்கிறோம். காலை, பகல், அந்தி என்று மூன்று நிறுவை. கூடைக்கும் சாக்குக்கும் கழிவு. மழை நாளில் தண்ணீருக்குக் கழிவு, முற்றின இலைக்குக் கழிவு. கினிகத்தேனையில் மழை இல்லாத நாள் வருடத்தில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணலாம். ஆக அந்தத் தண்ணீர்க் கழிவு நமக்கு வருடம் முழுதும்தான். பழைய தராசில் முள் ஆடும், கணக்கப்பிள்ளை பார்ப்பார், வாயால் சொல்வார், புத்தகத்தில் எழுதுவார். அவர் சொன்னது கிலோ.

அந்தப் பழைய முறையை நாம் புகழப் போவதில்லை. அதில் எத்தனை கிலோ போனது என்பது மலைக்கும் மழைக்கும்தான் தெரியும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அதில் கொஞ்சம் ஈரமும் இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி மூச்சு வாங்க வந்து நின்றால், அரைக் கிலோவைச் சேர்த்துப் போட்ட கணக்கப்பிள்ளைமாரும் இருந்தார்கள். மெசினுக்கு அது தெரியாது. களவும் செய்யாது, இரக்கமும் காட்டாது என்றுதான் அதைக் கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள்.

சரி, களவு செய்யாதா? கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு அக்கா காலையில் 6.7 கிலோ, பகல் 7.6, அந்திக்கு 4.8 கிலோ கொண்டு வருகிறார். கூட்டினால் 19.1 கிலோ. டிஜிட்டல் தராசு அந்தப் புள்ளிக்குப் பிறகு வருகிற இலக்கத்தையும் காட்டும். அதற்காகத்தானே அந்த மெசின்! ஆனால் பதியும்போது புள்ளிக்குப் பிறகு வருவதை வெட்டிவிட்டு 6, 7, 4 என்று பதிந்தால் கூட்டுத்தொகை 17. அந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்கு 18 கிலோ என்று வைத்திருந்தால், 19 கிலோவுக்கு மேல் பறித்த அக்காவுக்கு அன்றைக்குப் பேர் இல்லை, அரைப்பேர். மெசின் பொய் சொல்லவில்லை. மெசின் சொன்னதைக் கேட்டு எழுதுகிற முறை பொய் சொல்கிறது. இது எந்தத் தோட்டத்தில் நடந்தது என்று இப்போது கேட்காதீர்கள். உங்கள் தோட்டத்தில் எப்படிப் பதிகிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

நாங்கள் இரண்டு தோட்டங்களில் இந்தத் தராசு வந்ததைக் கூடவே இருந்து பார்த்தோம். ஒரு தோட்டத்தில் தராசின் முகம் கணக்கப்பிள்ளையைப் பார்த்து இருந்தது. தொழிலாளிக்குத் தெரிந்தது தராசின் முதுகு. அட்டையை வைத்தால் "பீப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாத முடிவில் சம்பளத் துண்டில்தான் கிலோ தெரியும், அதுவும் ஆங்கிலத்தில். முதல் மாதமே சண்டை. இரண்டாம் மாதம் மடுவத்தில் கூடையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "புது மெசின் வேண்டாம், பழைய தராசைக் கொண்டு வா" என்றார்கள். ஒபிசில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்: "இந்தச் சனங்களுக்குப் புதுசு பிடிக்காது."

மற்றத் தோட்டத்தில் மாதர் தலைவி ஒருவர் முதல் நாளே ஒரு காரியம் செய்தார். தராசு வைத்த மேசையைக் குறுக்கே திருப்பிப் போடச் சொன்னார். இலக்கம் இருபக்கமும் தெரிந்தது. பிறகு நல்ல தண்ணீர்ப் போத்தல்கள் ஐந்தில் ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் அளந்து ஊற்றிக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் தராசில் வைத்தார். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பது நாங்கள் 6ஆம் தரத்தில் படிப்பிக்கிற பாடம். போத்தலுக்குக் கொஞ்சம் பாரம் உண்டு. தராசு ஐந்து கிலோவும் சொச்சமும் காட்டியது. சனங்கள் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். கணக்கப்பிள்ளையும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் மெசினைப் பற்றிச் சண்டை இல்லை. கழிவைப் பற்றிய சண்டை இருக்கிறது, அது வேறு கதை.

இரண்டு தோட்டமும் ஒரே மலைத்தொடர். ஒரே மாதிரி லயம், ஒரே அளவு படிப்பு, அந்தி நேரத்தில் பார்க்கிற நாடகமும் ஒன்றுதான். வித்தியாசம் மேசையில் இருந்தது.

இதை நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று பெருமைப்படவும் வேண்டாம். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் நம்மைப் போல நிறையைப் பொறுத்துச் சம்பளம் வாங்கியவர்கள். முதலாளியின் ஆள் நிறுப்பார், அவர் சொன்னது நிறை. கல்லும் மண்ணும் கலந்திருக்கிறது என்று முழுத் தொட்டியையும் கழித்துவிடுவார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1860இல் வந்த சட்டத்தில் ஒரு உரிமை கிடைத்தது: தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்து தராசடியில் நிறுத்தலாம். அவருக்குச் சம்பளம் தொழிலாளர்களே தங்கள் கைக்காசைச் சேர்த்துக் கொடுத்தார்கள். முதலாளிமார் சும்மா இருக்கவில்லை. அப்படி நின்ற ஆட்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். 1887இல் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் அந்த உரிமை உறுதியானது. பிற்காலத்தில் பெயர் பெற்ற சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் தராசடியில் நின்று பழகியவர்கள்.

நம் சரித்திரத்திலும் ஒரு கடதாசி இருக்கிறது. துண்டு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். போகிற தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் அவரோடு கூடவே போகும். அந்தத் துண்டில் எழுதியிருந்த தொகை சரியா பிழையா என்று பார்க்கத் தெரியாதவர்கள்தான் அதைச் சுமந்து திரிந்தார்கள். 1921இல் அதை ஒழித்தார்கள். நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் நம் பேரில் இன்னொருவர் எழுதி வைத்திருக்கிற இலக்கத்தைக் கண்டால் நமக்கு ஒரு சந்தேகம் வருகிறதே, அது படிப்பில்லாமையால் வந்தது என்று யாராவது சொன்னால் அவருக்கு நம் சரித்திரம் தெரியாது என்று அர்த்தம்.

பக்கத்து நாட்டில் நடந்ததையும் கேளுங்கள். இந்தியாவின் நூறு நாள் வேலைத் திட்டத்தில் நடந்தது இது. தமிழ்நாட்டில் உறவினர் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 சனவரி முதலாம் திகதியிலிருந்து அங்கே வேலைத்தளங்களில் போன் செயலி மூலம்தான் வரவு என்று கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளில் இரண்டு தடவை, இடக்குறியோடு, தொழிலாளரைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் படம் ஏறாது. படம் ஏறாவிட்டால் வரவில்லை, வரவில்லாவிட்டால் கூலியில்லை; மண் வெட்டியதற்குச் சாட்சியாக வெட்டிய குழி மட்டும் இருக்கும். அந்த வருடம் டெல்லியில் ஜந்தர் மந்தரில் பல வாரங்கள் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், உட்கார்ந்து போராடினார்கள். அவர்கள் கையிலும் போன் இருந்தது. அதே போனில் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளோடு பேசினார்கள்.

இப்போது வசதியைப் பற்றிக் கொஞ்சம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள். பாடம் போனுக்குள் போனது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்தி ஆறு மணிக்கு அப்பா வந்த பிறகுதான் காலைப் பாடம் வரும். மூத்தவனுக்குச் சாதாரண தரப் பரீட்சை என்றால் சின்னவளுக்குப் போன் கிடையாது. ரீலோட் போடக் காசில்லாத வாரத்தில் ஒருவருக்கும் கிடையாது. எங்கள் பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், மலை உச்சியில், குடைக்குக் கீழே உட்கார்ந்து கணக்குச் செய்தார்கள். ஊவாவில் பொஹிட்டியாவ கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் சிக்னலுக்காகக் காட்டுப்பாறையில் ஏறிய படம் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்லைன் பாடத்துக்கு வரவில்லை என்று மட்டும் எழுதிவைத்தார்கள்.

விரல் மெசினும் அப்படித்தான். கொழுந்துக் கறை ஏறின விரல், மழையில் ஊறின விரல், இருபது முப்பது வருடம் வாது முறித்துத் தேய்ந்த விரல். மெசின் அந்த ரேகையை அடையாளம் காணாது. "திரும்ப வை, திரும்ப வை" என்று பெரட்டில் வரிசை நீளும். கடைசியில், "கை சரியில்லை" என்று சொல்வார்கள். கையில் என்ன பிழை? இந்தக் கைக்கு ஏற்ற மெசினைத் தேடாததுதான் பிழை. அட்டையாலோ, செக்ரோலில் பெயர் எழுதியோ வரவு பதிகிற மாற்று வழி ஒன்றை வைக்காமல் விரல் மெசினை மட்டும் நம்பியிருக்க எந்தத் தோட்டத்திலும் நாம் சம்மதிக்கக் கூடாது.

மொழி. இதை நீட்ட வேண்டாம், நீங்கள் தினம் படுகிற பாடு. தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழியென்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆனால் வங்கியிலிருந்து வருகிற குறுஞ்செய்தி எந்த மொழியில் வருகிறது? அஸ்வெசும ஞாபகம் இருக்கிறதா? ஆறு பிரிவில் 22 அளவுகோல் வைத்து, புள்ளி போட்டு, யாருக்கு நிவாரணம் என்று கணினி முடிவு செய்தது. 2023இல் பெயர்ப்பட்டியல் வந்தது. தன் பெயர் ஏன் இல்லை என்று பலருக்கும் விளங்கவில்லை, எந்த அளவுகோலில் எத்தனை புள்ளி போனது என்று சொல்ல ஆளில்லை. மேன்முறையீட்டையும் இணையத்தில் போடு என்றார்கள். அந்த வாரங்களில் எங்கள் ஆசிரியர் அறை மேன்முறையீட்டு அலுவலகமாக மாறியது; டவுனில் ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்த கடைகளும் இருந்தன. காரணம் சொல்லாத கணினியை யார் நம்புவார்கள்? படித்தவர்களும் நம்பமாட்டார்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் தலைவிமார் எங்களை விடமாட்டார்கள். சம்பளம் வங்கிக்குப் போகிறது. நல்லது. ஒரு காலத்தில் மனைவியின் சம்பளத்தையும் புருசனே போய்க் கை நீட்டி வாங்கின வழக்கம் நம் தோட்டங்களில் இருந்தது; அதை நிறுத்த எவ்வளவு பேச வேண்டியிருந்தது! இப்போது கணக்கு அக்காவின் பெயரில் இருக்கிறது. அட்டை யாருடைய பையில்? இரகசிய இலக்கம் யாருக்குத் தெரியும்? "எனக்குத் தெரியாது டீச்சர், மகன்தான் எடுப்பான்" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். போனும் அப்படியே. வீட்டில் நல்ல போன் ஆம்பிளையிடம், திரை உடைந்த பழைய போன் பெண்ணிடம். இதைக் கம்பனியோ அரசாங்கமோ செய்யவில்லை. காம்பராவுக்குள் நாமே செய்கிறோம். தலைவர்மாரே, சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. வீட்டுக்குப் போய் அட்டையை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.

அதேபோல் எல்லாச் சந்தேகமும் நியாயம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. வங்கிக் கணக்குத் திறந்தால் காசை அரசாங்கம் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு தோட்டத்தில் பேச்சுக் கிளம்பி, பலர் பல மாதம் கணக்குத் திறக்காமல் இருந்தார்கள். அதனால் நட்டம் அவர்களுக்கே. அதற்கு எதிர்ப்பக்கம், முன்பின் தெரியாதவன் போனில் கூப்பிட்டு, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இப்போது வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்றால் உடனே சொல்லிவிடுகிறோம். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் நம்புகிறோம். போனுக்கு வருகிற அந்த இலக்கம் நம் பெட்டியின் சாவி. வங்கிக்காரர் என்று சொல்லிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் கடன் என்று ஆசை காட்டுகிற செயலிகளையும் தொடாதீர்கள். நுண்கடன்காரன் லயத்து வாசலில் வந்து நின்றான். இவர்கள் போனுக்குள்ளேயே வந்து நிற்பார்கள், நம் போனில் உள்ள எல்லா இலக்கத்துக்கும் நம் மானத்தை அனுப்புவார்கள்.

"மெசினைத் திருப்பி அனுப்பு" என்று மேடையில் முழங்குகிற சங்கத் தலைவர்களும் இருக்கிறார்கள். கைதட்டு விழும். நாங்கள் அந்தப் பக்கம் இல்லை. டிஜிட்டல் தராசில் பதிந்த நிறை அழியாமல் இருக்கும், இரப்பர் போட்டு அழிக்க முடியாது. மாற்றினால் மாற்றிய தடயம் இருக்கும்படி கேட்டு வாங்கலாம். அது நமக்குத்தான் வேண்டும். நிர்வாகத்தின் கணினியில் இருக்கிற அதே இலக்கம் நம் கையிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் கம்பனியிடம் நாம் கேட்கப்போவது இவை. தராசின் முகம் இருபக்கமும் தெரிய வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் கிலோவும் கழிவும் தனித்தனியாகப் போட்டு, புள்ளிக்குப் பிறகு வருவதையும் சேர்த்து, தமிழில் சிட்டை அல்லது குறுஞ்செய்தி வேண்டும். தராசுகளைச் சோதித்து முத்திரையிட 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது. நம் மடுவத்துத் தராசிலும் அந்த முத்திரையை வருடா வருடம் பார்க்க வேண்டும். தராசடியில் தொழிலாளர் தெரிவுசெய்த ஒருவர் நிற்க வேண்டும், அவர் நிற்கிற நேரத்துக்குப் பேர் வெட்டக்கூடாது. சிக்னல் போனாலும் மின்சாரம் போனாலும் அன்றைக்குப் பேர் போகக்கூடாது.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. சம்பளத் துண்டை மாதா மாதம் போனில் படம் எடுத்து வையுங்கள். கடதாசி மழையில் நனையும், எலி கடிக்கும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபாயை வைத்தே ஒரு கணக்குப் பார்ப்போம். 20 நாள் வேலை என்றால் 27,000 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் கழிப்பது 8 வீதம், 2,160 ரூபாய். கம்பனி போட வேண்டியது 12 வீதம், 3,240 ரூபாய். இரண்டும் சேர்த்து மாதம் 5,400. அதற்குமேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 வீதம், 810 ரூபாய். துண்டில் கழித்திருக்கிறதா, அங்கத்துவ இலக்கம் சரியா, அடையாள அட்டையில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றா? லெட்சுமி ஒரு இடத்தில் இலட்சுமியாகவும் இன்னொரு இடத்தில் லக்‌ஷ்மியாகவும் இருந்தால், ஓய்வு பெறுகிற நாளில்தான் அது தெரியவரும். அந்த வயதில் சத்தியக் கடதாசிக்காக அலைய வேண்டிவரும். இருபது வருடத்துத் துண்டுகள் படமாக நம் போனிலும் பிள்ளையின் போனிலும் இருந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

இதற்காக அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் பாடசாலையில் கூடுகிறோம். போன், சார்ஜர், கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். போன் இல்லாதவர்களும் வாருங்கள், உயர்தர மாணவர்கள் தங்கள் போனில் படம் எடுத்து அச்சடித்துத் தருவார்கள். டிஜிட்டல் தராசு வந்துவிட்ட தோட்டங்களின் தலைவிமார் ஆளுக்கு ஒரு லீற்றர் போத்தல் ஐந்து கொண்டுவாருங்கள், அளந்து அடையாளமிட்டுத் தருகிறோம். பிள்ளைகளையும் கூட்டி வரலாம். ஆனால் அன்றைக்குப் போனை அமத்துவது அம்மாமார்தான். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும்.